தூரம் வடித்த தவலை

பாக்கியம் என்று பேர் வெட்டிய அந்தச் செப்புத் தவலை தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் எங்களோடு வரிசையில் நின்று, லாரியில் மலையேறி, கூடலூருக்கு மேலே அரசுத் தேயிலைத் தோட்டத்தின் வரிசைவீடுகளில் ஒன்றான மேல்லயத்தில் அங்காயியின் கட்டிலுக்கு அடியில் வந்து உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதலில் அதில் வெந்நீர் போட்டார்கள், பிறகு கூரை ஒழுகும் இடத்தில் வைத்தார்கள், பிறகு அதற்குள் பழைய கம்பளியைத் திணித்து மறந்தார்கள், அல்லது மறந்ததுபோல் இருந்தார்கள். அங்காயி மட்டும் வீடு கூட்டும்போது விளக்குமாறு அதன்மேல் பட்டுவிடாமல் வளைத்துக் கூட்டுவாள்.

அந்தத் தவலையில் தைலம் காய்ச்ச வேண்டும் என்று அவள் மகன் மருதைக்கு ஒரு நாள் தோன்றியது. எங்கள் பக்கம் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்து இலை காலுக்கடியில் மெத்தையாகக் கிடக்கிறது, அள்ள யாரையும் கேட்க வேண்டாம், ஒரு பாத்திரமும் ஒரு குழாயும் ஒரு பீப்பாய் ஓடைத்தண்ணீரும் இருந்தால் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் காய்ச்சிவிடலாம். ஆனால் பழைய செம்பை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். களிம்பேறிய அண்டாவில் பாயசம் வைத்து ஒரு கல்யாணமே வாந்தியெடுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் மருதை கடைவீதிக்குப் போய் ஈயம் பூசும் யாக்கூப் பாயைக் கூட்டிவந்தான்.

பாய் தவலையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார், புளியும் மணலும் போட்டுத் தேய்த்தார், பச்சை போய்ச் செம்பு வெளியே வந்தபோது கழுத்தோரம் வெட்டியிருந்த எழுத்துகளும் வெளியே வந்தன.

“யாருங்க பாக்கியம்?”

“எம் மக” என்றாள் அங்காயி.

“எந்த ஊர்ல குடுத்திருக்கு?”

“குடுக்கல. விட்டுட்டு வந்தோம்.”

பாய் அதற்குமேல் கேட்கவில்லை, ஆனால் நாங்கள் எல்லோரும் அறிந்ததுதான். இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார், இலங்கையில் இருக்கிறவர்கள் யார் என்று இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பிரித்துக்கொண்ட அந்த நாட்களில், பாக்கியத்தைக் கட்டியவன் குடும்பத்துக்கு அந்த ஊர்க் குடியுரிமை கிடைத்தது, அங்காயி குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது; ஹட்டன் கடையில் மகளுக்குச் சீராக வாங்கிப் பேர் வெட்டிய தவலை மட்டும் எப்படியோ இந்தியாக்காரர்களின் மூட்டையில் இருந்தது. எப்படி என்று யாரும் அங்காயியைக் கேட்டதில்லை. எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கக் கூடாத இப்படி ஒன்றிரண்டு சாமான் இருந்தது.

பாய் அடிப்பக்கம் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். “இந்தா, இந்த எடத்துல எவனோ காரீயம் வச்சு ஒட்டியிருக்கான். இது வெசம். இத எடுக்காம நான் ஈயம் பூச மாட்டேன்.” காரீயத்தை உருக்கி வழித்தெடுத்துவிட்டு அங்கே பித்தளைப் பற்று வைத்தார், நவச்சாரம் தூவிப் புகை கிளப்பி வெள்ளீயத்தை இழுத்துப் பஞ்சால் துடைத்தார், எட்டிப் பார்த்தால் உள்ளே முகம் தெரிந்தது, கொஞ்சம் அகலமாக. மூடியில் குழாயைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் மருதையை நிறுத்திவைத்து ஒப்பித்தார்: முக்கால் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாதே, மூடியை இறுக்கிக் கட்டாதே, மாவைப் பிசைந்து பூசு, அப்போதுதான் ஆவி முட்டினால் மாவு வெடிக்கும், பாத்திரம் வெடிக்காது, குழாயில் ஊதிப் பார்க்காமல் தீ மூட்டாதே, தைலம் சொட்டும் வாய்ப்பக்கம் நெருப்பைக் கொண்டுபோகாதே.

“முதல்ல வர்றதப் புடிக்காத. குழாயக் கழுவிட்டு வர்றது அது. கீழ ஊத்திரு.”

இங்கேதான் தவறு நடந்தது, ஆனால் அதைத் தவறு என்று சொல்லவும் எங்களுக்கு மனசில்லை. முதலாவதாக வருகிற எதையும் நாங்கள் கீழே ஊற்றுவதில்லை. முதல் கொழுந்தும் முதல் பாலும் லயத்துக் கோடியில் கல்லாக நிற்கிற ரோதமுனிக்கு. இலங்கையில் தேயிலை ஆலையின் சக்கரத்தைக் காத்த சாமியை நாங்கள் இங்கேயும் ஒரு கல்லில் குடிவைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவலை கொதித்து, குழாய் வழியே முதல் சொட்டுகள் வந்தபோது, மருதை அவற்றை ஒரு தம்ளரில் பிடித்துக்கொண்டுபோய் முனியின் தலையில் ஊற்றினான்.

வந்தது தைலம் இல்லை. மேலே எண்ணெய் மிதக்கவில்லை, கற்பூர வாசம் இல்லை, எந்த வாசமும் இல்லை, புட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் புட்டி காலியாகத் தெரிந்தது, ஆனால் கை கனத்தது. மருதை நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தான். ருசி ஒன்றும் இல்லையே என்று அவன் சொன்னது சாயங்காலம்தான் எங்களுக்குக் கேட்டது; அதுவரை வாயசைத்துக்கொண்டிருந்தான், சொல் வந்து சேரவில்லை.

மறுநாள் விடியும்போது ரோதமுனி தூரப் போயிருந்தார். கல் அதே கோடியில்தான் இருந்தது, நடுவில் ஒரு செடிகூட புதிதாக முளைக்கவில்லை, ஆனால் பூசாரி செவனு காலையில் சூடத்தட்டோடு கிளம்பியவர் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தார், இங்கிருந்து பார்த்தால் சாமி கட்டைவிரல் அளவு தெரிந்தது. பெண்கள் தேங்காய் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று முணுமுணுத்தார்கள், செவனு ஒரு குடையும் ஒரு பொட்டலம் சோறும் கேட்டு வாங்கிக்கொண்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேச்சு முடிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து கண்ணெரிச்சலோடு வந்த எங்களில் சிலர்தான் அதை முதலில் பார்த்தோம். மேல்லயத்துக்கு எதிரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், எப்போதும் மேகம் மட்டும் வந்து தங்கிவிட்டுப் போகிற வெறும் புல்வெளியில், இப்போது ஒரு மலை இருந்தது. சிவப்புத் தகரம் போட்ட ஆலை, அதற்குக் கீழே கோவில், கோவிலுக்குக் கீழே நீளநீளமாக லயங்கள், மேலே கித்துள் என்கிற கூந்தல்பனை மரங்கள். துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தோம். பிறகு ஒருவர், “நம்ம மூணாம் லயத்துக்கு ஓடு மாத்திட்டானுங்க” என்றார். அப்படித்தான், இலங்கையில் நாங்கள் விட்டுவந்த கித்துள்தோட்டம் எங்களுக்குத் திரும்பத் தெரிந்தது.

தவலையில் வடிந்தது தூரம் என்று எங்களுக்குப் புரியவைத்தது பவுனம்மாள். பார்க்கலாம் என்று ஒரு தம்ளர் வாங்கிப்போனவள் அடுப்படியில் கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் அடுப்புக்கும் கணவன் உட்காரும் பலகைக்கும் இடையில் கால்மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. சோறு ஆறிப்போய்த்தான் வருகிறது என்று அவன் வாசலில் நின்று கத்தினான். “ஆறுனா என்ன, முன்ன சுடச்சுடப் போட்டப்ப மட்டும் வாயாரச் சொல்லிட்டீங்களாக்கும்” என்று அவள் பதில் சொன்னாள், அந்தப் பதிலும் ஆறித்தான் போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டுவிட்டு, மாமியாரோடு ஒரே அறையில் இருக்கிற மருமகள்களில் சிலர் சின்னச் சின்னப் புட்டியோடு மருதை வீட்டுப்பக்கம் வந்துபோனார்கள்.

வடிந்ததைப் பிடித்து மூடிவைத்தால் எதிர்மலை நெருங்கும், கீழே சிந்தினால் சிந்திய இடம் விலகும் என்று தெரிந்தபிறகு, எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. ஒவ்வொரு வீடும் ஒரு கட்டு இலை கொண்டுவந்தது. பிடித்த புட்டிகளையெல்லாம், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தையை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்தின் பின்னறையில், உடையாமல் வைக்கோல் சுற்றி அடுக்கினோம். ஒரு ஞாயிறு சாவு விழுந்து அடுப்பு மூட்டவில்லை, அதற்கே மலை ஒரு காடு தூரம் பின்னால் போய்விட்டது. அடுத்த முறை சாவு வீட்டுக்காரர்களே முதல் கட்டு இலையைத் தூக்கிவந்தார்கள். தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து, எதிரே இருக்கிற மலை எந்தக் கணக்கில் வருகிறது என்று விசாரித்தார். “அது வரலைங்க, நாங்கதான் வரவழைக்கிறோம்” என்றார் செவனு. அதிகாரி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், தேத்தண்ணி குடித்தார், போகும்போது தன் தம்பி ஒருவன் அரபு நாட்டில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார்.

மலை நெருங்க நெருங்க நடுவிலிருந்த பள்ளத்தாக்கு சுருங்கியது, அதன் அடியில் ஓடைக்குப் பதில் கடல் தெரிந்தது. ஒடுக்கிப் பிழிந்த கடல், ஒரு கயிறு மாதிரி, ஆனால் இரைச்சல் குறையாத முழுக்கடல். எங்கள் கொய்யா மரத்து இலையெல்லாம் உப்புப் படிந்தது. அந்தப் பக்கத்து ஆட்களை முதலில் நடையால் அடையாளம் கண்டோம், பிறகு முகத்தால், பிறகு குரலால்.

“ஏ பெரியண்ணே, இன்னும் சாகலயா நீ?” என்று எங்கள் பெரியண்ணனைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கிழவர் ஒருவர் கத்தினார்.

“ஒன்னையப் பாத்துட்டுப் போகலாம்னு இருந்தேன். இப்பப் பாத்தாச்சு, நீ மொதல்ல போ.”

முதல் சில வாரங்கள் இப்படித்தான், அழுகை வர வேண்டிய இடத்திலெல்லாம் ஏச்சு வந்தது. வெற்றிலை எறிந்தார்கள், சேலை எறிந்தார்கள், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கருவாட்டுப் பொட்டலம் வந்து ஒருத்தி மார்பில் விழுந்தது, அவள் அதை அவிழ்க்காமல் வைத்துக்கொண்டாள். எல்லா வீட்டுக்கும் எதிரே யாரோ ஒருவர் கிடைத்தார்கள். அங்காயிக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஞாயிறுதோறும் தலைவாரி, நல்ல சேலை கட்டி, கொட்டகைக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து அவள் எதிர்மலையைப் பார்த்தாள். தவலை அவளுடையது, அடுப்பு அவளுடையது, ஆனால் எதிரே மூன்றாம் லயத்தின் கடைசிக் கதவு மட்டும் திறக்கவில்லை. பாக்கியம் இருக்கிறாளா என்று எங்களில் ஒருவர் கத்திக் கேட்டார். இருக்கிறாள் என்று பதில் வந்தது. நல்லா இருக்கிறாளா. நல்லா இருக்கிறாள். பின்னே ஏன் வெளியே வரவில்லை. அதற்கு அந்தப் பக்கம் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மலைக்கும் இடையில் ஒரு மூங்கில் கம்பு நீளம்தான் மிச்சம், இன்னும் ஒரு தடவை காய்ச்சினால் ஒட்டிவிடும் என்ற நிலை வந்தபோது அவள் வந்தாள். அங்காயி அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அவள் தேடியது பதினெட்டு வயசுப் பெண்ணை. நாங்கள்தான் பார்த்தோம், நரைத்த கொண்டை, இடது காலைக் கொஞ்சம் இழுக்கிற நடை, பேசுவதற்கு முன்னால் கீழுதட்டைக் கடிக்கிற வழக்கம், அங்காயியே எதிர்க்கரையில் நின்றதுபோல் இருந்தது.

“அது என் தவலை” என்றாள் அவள்.

அங்காயி குரல் வந்த இடத்துக்குத் தலையைத் திருப்பினாள். திருப்பியவள் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை.

“ஆமா” என்றாள்.

“பேரு இருக்கா?”

“இருக்கு. தேய விடல.”

“அத ஏத்திக்கிட்டு என்னைய எறக்கிட்டுப் போனீங்க.”

“ஒங்கப்பா மூட்டையில வச்சுக் கட்டிட்டாரு, பாக்கியம். டேசன்லதான் நான் பாத்தேன்.”

“நானும் டேசன்லதான் பாத்தேன். ஜன்னல்கிட்டதான நின்னேன். சாக்குக் கிழிஞ்சு தவலை கழுத்து மின்னுச்சு. நீங்க முந்தானைய எடுத்து அது மேல போட்டு மூடுனீங்க.”

கடல் இரைந்துகொண்டிருந்தது. மருதை அம்மாவைப் பார்த்தான், நாங்களும் பார்த்தோம், அவள் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது எங்களுக்கு.

“மூடுனேன்” என்றாள் அங்காயி. “ஒம் பேரு போட்டது ஒண்ணாவது எங்கூட வரட்டும்னு மூடுனேன்.”

“அப்ப எனக்கு?”

அங்காயி முந்தானையை இழுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். பாக்கியம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “தவலையக் குடுங்க, நான் பேசுறேன். வர்ற ஞாயித்துக்கிழம மலை ஒட்டப்போவுதுன்னு இங்கயும் கொட்டடிக்கிறானுங்க. ஒட்டுற அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேன், கொழும்புல மகன் வீட்டுக்குப் போயிருவேன். என் தவலைய வச்சே என்னைய இழுத்து ஒங்க வாசல்ல கட்டுறதுக்கு நான் மாடு இல்ல.”

கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அந்த வாரம் மேல்லயத்தில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தவலை போனால் காய்ச்ச முடியாது, காய்ச்சாவிட்டால் மலை பின்வாங்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஒரு அண்ணனோ அக்காளோ கூட்டாளியோ கைநீட்டும் தூரத்தில் நிற்கிறார்கள், ஒரே ஒரு ஞாயிறு போதும். பொறு என்றார்கள் அங்காயியிடம், ஒட்டட்டும், நாமே நடந்துபோய்க் குடுத்துடலாம், கொழும்புக்குப் போனால்தான் என்ன, பஸ் ஏறிப் போகலாம். கேட்கிறவர்களுக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. அங்காயி தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருதை வெடித்தான். “ஊரு முச்சூடும் ஒருத்தர ஒருத்தர் தொடப்போவுது. நீ அவ ஒருத்தி மூஞ்சிக்காக அத்தனையும் தூக்கி அந்தப் பக்கம் குடுத்துருவியா? அவ அத அடுப்புல ஏத்துவாங்கிறதுக்கு என்ன சாட்சி? குப்புறக் கவுத்து வச்சுட்டுப் போயிட்டா?”

“கவுத்து வைக்கட்டும்.”

“அப்புறம் நீ காலத்துக்கும் இந்தக் கல்லுல உக்காந்துக்கிட்டு இருப்ப.”

“இம்புட்டு நாளும் எங்கடா உக்காந்திருந்தேன்?” என்றாள் அங்காயி. பிறகு, எங்கள் எல்லோரையும் பார்த்து, சத்தம் ஏறாமல் சொன்னாள்: “மலை ஒட்டி, நான் நடந்து போயி, பூட்டுன கதவத் தட்டுனா அதுவா எனக்கு வேணும்? அவ வரணும்னு அவளுக்குத் தோணணும். அது எங்கையில இருக்கிற வரைக்கும் அவளுக்குத் தோணாது. பேரு அவ பேரு.”

அந்தக் கடைசிப் பேச்சுக்கு மேல் யாராலும் வாதாட முடியவில்லை. எங்கள் வீடுகளில் இருக்கிற குடத்திலும் குண்டானிலும் தூக்குச்சட்டியிலும் வெட்டியிருக்கிற பேர்களில் பாதி, அங்கே நின்றுவிட்டவர்களுடையது, இல்லையென்றால் செத்துப்போனவர்களுடையது. நாங்கள் அவற்றில் தண்ணீர் மொண்டு குடிக்கும்போதெல்லாம் அது இரவல் என்று தெரிந்துதான் குடிக்கிறோம். பெரியண்ணன்தான் முதலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “அவ சாமான அவகிட்டக் குடுத்துருங்கப்பா” என்று சொல்லிவிட்டு, அழுகிற முகத்தை எங்களிடம் காட்டாமல் போனார்.

யாக்கூப் பாயை மறுபடி கூப்பிட்டாள் அங்காயி. கல்யாணச் சீருக்குப் பூசுகிற மாதிரிப் பூசணும் என்றாள். பாய் அடியைத் தடவிப் பார்த்து, நிறைய தீ தின்றிருக்கிறது, இனி மட்டாகத்தான் எரிக்க வேண்டும் என்று சொல்லி, முன்பைவிடப் பொறுமையாக ஈயம் பூசினார். கூலியோடு ஒரு புட்டி தரட்டுமா, யாரையாவது தள்ளிவைக்க உதவும் என்று மருதை கேட்டதற்கு, துருத்தியைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். “வேணாங்க. தூரம் எங்க வீட்ல ஏற்கெனவே போதுமானது இருக்கு.”

சனிக்கிழமை சாயங்காலம், வேலை விட்டு வந்தவுடன், கொழுந்துக் கூடையோடு எல்லோரும் ஓரத்தில் வந்து நின்றோம். அந்தப் பக்கமும் கூட்டம் நின்றது. தவலையின் கழுத்தில் கயிறு கட்டி, நீளமான மூங்கிலின் நுனியில் தொங்கவிட்டு, மருதையும் இன்னும் மூன்றுபேரும் மறுமுனையைத் தோளில் அழுத்திப் பிடித்துக் கடலுக்கு மேலே நீட்டினார்கள். கீழே அலை எழும்பித் தவலையின் அடியை நனைத்தது. பாக்கியம் கதவைத் திறந்துகொண்டு வந்து, யாரையும் கைபோட விடாமல், தானே எட்டிக் கயிற்றைப் பிடித்தாள். அவள் அவிழ்க்க அவிழ்க்க அங்காயி இந்தப் பக்கமிருந்து பேச ஆரம்பித்தாள். எத்தனையோ வருஷம் சேர்த்துவைத்த பேச்சு அது. என்ன வரப்போகிறது என்று நாங்கள் அவள் பக்கம் நெருங்கி நின்றோம்.

“முக்காவாசிக்கு மேல நெரப்பாத. மூடிய கம்பி போட்டு இறுக்கிறாத, மாவு பெசஞ்சு பூசு. மாவு வெடிச்சுதுன்னா கிட்டப் போவாத, தீய இழுத்துட்டுத் தள்ளி நில்லு. குழாயில தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தான் அடுப்ப மூட்டணும். சொட்டுற எடத்துல வெளக்கக் கொண்டுபோவாத. உள்ள வெள்ளை போயி செவப்பு தெரிஞ்சா நிப்பாட்டிரு, ஈயம் பூசாம ஏத்தாத. பச்சையா கண்டா புளி போட்டுத் தேயி. சும்மா வைக்கிறப்ப ஈரத்தோட வைக்காத. மொதல்ல வர்றத சாமி மேல ஊத்தாத, சாமி பாவம்.”

அங்காயி மூச்சு வாங்கினாள். பாக்கியம் தவலையை மடியில் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள், அதில் தெரிந்த முகம் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கும். விரலால் கழுத்தெழுத்தைத் தடவினாள். பிறகு அடியைத் திருப்பி, பித்தளைப் பற்றைப் பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

“அம்மா, என்னாம்மா இது. எம்புட்டு கனமான தவலை. அடிய இப்பிடித் தேச்சு வச்சிருக்க.”

“தேஞ்சுதான் போச்சு” என்றாள் அங்காயி.

“கண்ணு தெரியுதா ஒனக்கு? அன்னைக்கு நான் இங்க நிக்கிறேன், நீ எங்கயோ பாத்துக்கிட்டு இருக்க.”

“சாயங்காலமானா மங்கலாத் தெரியும்.”

“டாக்டர்கிட்டக் காட்டுனா என்னவாம்? அந்தப் பய கூட்டிட்டுப் போவ மாட்டானா?”

“ஏ, நான் இங்கதான் நிக்கிறேன்” என்றான் மருதை, தோளில் மூங்கிலோடு.

“நின்னா? கூட்டிட்டுப் போடா.”

இரண்டு பக்கமும் சிரிப்பு எழுந்து கடலுக்கு மேலே மோதிக்கொண்டது. அவ்வளவுதான் அவர்கள் பேசியது. இருட்ட ஆரம்பித்துவிட்டது, மூங்கிலை இழுத்துக்கொண்டோம், பாக்கியம் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, மூன்றாம் லயத்தின் கடைசி வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் நாங்கள் அடுப்பு மூட்டவில்லை, மூட்ட ஒன்றும் இல்லை. மலை நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சாயங்காலம் வெற்றிலை எறிந்தால் போய்ச் சேரவில்லை. அடுத்த வாரம் குரல் சேரவில்லை. அதற்கடுத்து முகங்கள் போய் நடைகள் மிஞ்சின, பிறகு நடைகளும் போய்ச் சிவப்புத் தகரம் மட்டும் மிஞ்சியது, கடல் அகன்று அகன்று பள்ளத்தாக்கின் அடியில் பழையபடி ஓடையாகிக் குழறியது, கடைசியில் ஒரு காலையில் எதிரே புல்வெளியும் மேகமும் இருந்தன. பிள்ளைமடுவத்தின் பின்னறையைத் திறந்து பார்த்தோம். மூடிகள் மூடியபடி இருக்க, புட்டிகள் கனமில்லாமல் இருந்தன.

சில வீட்டார் அங்காயியோடு பேசுவதை நிறுத்தினார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. பெரியண்ணன் பேசினார், ஆனால் எதிர்ப்பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டுதான் பேசினார். மருதை அவளைக் கூடலூருக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினான், கண்ணாடி வந்தது, அதைப் போட்டுக்கொண்டு அதே கல்லில் உட்கார்ந்து அதே மேகத்தை இன்னும் தெளிவாகப் பார்த்தாள். ஒரு மழைக்காலம் போயிற்று. கவ்வாத்து வெட்டிய செடிகள் துளிர்த்து மறுபடி கொழுந்து நின்றது. நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், அதைச் சொல்வதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினோம்.

அப்படி ஒரு ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை காலையில்தான் முதல் பஸ் தாமதமாக வந்தது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கோபப்பட்டார். “என்னய்யா நடக்குது இங்க? கூடலூர்லருந்து எப்பவும் போற வேகம்தான், வழியில ஒரு மாடுகூட குறுக்க வரல. ரோடு தீர மாட்டேங்குது. உங்க லயம் என்ன, பின்னால பின்னால போயிக்கிட்டே இருக்கா?”

அந்தப் பக்கம் தவலை அடுப்பில் ஏறியிருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்தது. பவுனம்மாள் மெதுவாகத் தலையில் கூடையை மாட்டிக்கொண்டாள். பெரியண்ணன் முதுகைத் திருப்பி, வெகுநாளைக்குப் பிறகு, எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். மருதை அம்மாவைக் கூப்பிட வீட்டுக்குள் ஓடினான், வாசலிலேயே நின்றுவிட்டான்.

அங்காயி அடுப்புக்கு முன்னால் இருந்தாள். கண்டக்டர் பேசியது அவளுக்கும் கேட்டிருந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அவள் அரிசிப் பானைக்குள் கைவிட்டு இன்னொரு பிடி அள்ளி, இரண்டு தண்ணீரில் கழுவி, உலையில் போட்டாள்.